இரண்டு கொல்லைக்கு நடுவே ஒரு துளை

நம்மில் யாராவது சொந்தக் கையால் போர் போட்டதுண்டா? ஆள் வைத்து, லாரி வரவழைத்து, மோட்டார் இறக்கியதைக் கேட்கவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உள்ளங்கையில் கொப்புளம் கிளம்ப, பூமிக்குள் குழாய் இறக்கியதைக் கேட்கிறேன். நான் இறக்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் நாம் கூடிவிட்டால் சர்க்கரை அளவையும் முட்டி வலியையும் தாண்டிப் பேச்சு நகருவதில்லை. அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். நெய்வேலியில் ஒரு காலாண்டுப் பரீட்சை லீவில், இரண்டு பெண்களும் ஒரு வாண்டும் சேர்ந்து நிலக்கரி தேடிய கதையைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வேலை சுரங்கத்துக்குள் இல்லை. சுரங்கம் வருவதற்கு முன்னால் வருகிற வேலை அவருடையது. ஊர் ஊராகப் போய், கூடாரம் போட்டுத் தங்கி, துளை போட்டு, அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்கிற குழுவில் அவர் ட்ரில்லர். வீடு திரும்பும்போது சட்டைப் பையில் சில்லறை இருக்கிறதோ இல்லையோ, மண்ணும் கல்லும் இருக்கும். அம்மா துவைப்பதற்கு முன் பையைத் துழாவி, முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைப்பாள். எங்கள் பிளாக்கில் மற்றவர்கள் ஜன்னலில் மணிபிளான்ட் படர்ந்தது. எங்கள் ஜன்னலில் வெள்ளைக் களி, சிவப்புக் களி, கூழாங்கல், நடுவே ஒரு கரித் துண்டு. அந்தக் கரியில் மரத்தின் ரேகை அப்படியே தெரியும். நனைத்து முகர்ந்தால் மழையில் கிடந்த மரப்பெட்டியின் வாசனை வரும். "இது காடா இருந்தது. மேல மண்ணு மூடி மூடி இப்படி ஆயிடுச்சு" என்பார் அப்பா. நான் அந்தத் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியதுண்டு. தலையணை உறையின் கதி என்ன ஆனது என்பதை அம்மாவிடம் அடி வாங்கியவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் பித்தளையில் ஒரு மடக்கு லென்ஸ் இருந்தது. கறுப்புக் கயிற்றில் கழுத்தில் தொங்கும். அதன் வழியே பார்த்தால் சாதாரண மணல் கற்கண்டாகிவிடும். எந்த வீடு மாறும்போது அது தொலைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பொருள் தொலைத்துவிட்டேன், எதற்கும் இவ்வளவு வருந்தியதில்லை.

அந்த லீவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் பக்கத்து குவார்ட்டர்ஸுக்கு ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பெண் என் வகுப்பு, என்னைவிட ஒரு பிடி உயரம், கையில் நல்ல பலம். அவர்களுடைய ஊரைச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். நிலம் கொடுத்ததற்கு அவளுடைய அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அது பெர்மனன்ட் ஆகும்வரை மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துவிட்டு, இப்போதுதான் குவார்ட்டர்ஸ் கிடைத்து வந்திருந்தார்கள். வந்த அன்று அவள் ஒவ்வொரு அறையாகப் போய் ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் பார்த்ததை நான் முன்வாசல் மதில் மேலிருந்து பார்த்தேன்.

"இது எங்க வூடு." அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

"இது கம்பெனி வீடு. எங்க வீடும் கம்பெனி வீடுதான்" என்றேன், விவரம் தெரிந்தவள் மாதிரி.

"நாங்க குடியிருக்கற வரிக்கும் எங்க வூடுதான். இங்கேருந்து யாரும் எங்கள கெளப்ப முடியாதுன்னு எங்கப்பா சொல்லிகினு இருக்குது."

எனக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. பிறந்ததிலிருந்து குவார்ட்டர்ஸில் இருந்தவளுக்கு வீடு என்பது பிளாக் நம்பர் போட்டு எப்போதும் அங்கேயே நிற்கிற ஒன்று. அவளுடைய கைப்பலம் மட்டும் பிடித்துப்போயிற்று.

லீவு விட்ட அன்று சாப்பிடும்போது நான் அப்பாவைக் கேட்டேன். "நம்ம வீட்டுக்கு அடியில கரி இருக்குமாப்பா?"

"போட்டுப் பாத்தாதானே தெரியும்" என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது உத்தரவு. மறுநாள் காலையிலேயே வேலை ஆரம்பித்துவிட்டது. எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவே இருந்த கம்பிவேலி ஓரிடத்தில் சாய்ந்து கிடந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான துளை என்று ஏற்பாடு. எனக்குக் கரி வேண்டும். அவளுக்குக் கரியில் நாட்டமே இல்லை, தண்ணீர் வேண்டும்.

"எங்க ஊருல பைப்ப எறக்கி வுட்டாப் போதும். மோட்டாரும் வேணாம், ஒண்ணும் வேணாம். தானா பீறிகினு வரும்" என்றாள்.

நான் நம்பவில்லை. அப்பாவிடம் நியாயம் கேட்டோம். அவர் எங்களைச் சமையலறைக்கு அழைத்துப்போய், கொதித்துக்கொண்டிருந்த இட்லிக் குண்டானைக் காட்டினார். மூடி எழும்பி எழும்பித் துள்ளிக்கொண்டிருந்தது. "கரிக்கு அடியில தண்ணி இப்படித்தான் அழுத்திக்கிட்டு இருக்கு. தொளை கிடைச்சா மேல வந்துடும். அதனாலதான் மைன்ஸ்ல ராப்பகலா பம்பு ஓடுது. நிறுத்தினா தரையே உப்பிக்கிட்டு வந்துடும்." அவள் என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். அன்றைய பாயின்ட் அவளுக்கு.

மூன்று சவுக்குக் கழியை உச்சியில் கட்டி நிறுத்தினோம். நடுவில் ஒரு பழைய ராட்டினம், அதில் கயிறு. மந்தாரக்குப்பம் காயலாங்கடையிலிருந்து அப்பா வாங்கித் தந்த இரும்புக் குழாய்க்கு அடியில் பல் வெட்டியிருந்தது. குழாயின் குறுக்கே ஒரு கட்டையைக் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தோம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவது, சுற்றுவது, கயிற்றை இழுத்துக் குழாயை மேலே தூக்குவது, தடியால் தட்டி உள்ளே இருக்கும் மண்ணை வெளியே தள்ளுவது. குழாய் நீளம் போதாமல் போனபோது இன்னொன்றை மாட்டிக்கொண்டோம். என் தம்பிதான் ஷிப்ட் சங்கு. ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட் என்று அவன் வாயைக் குவித்து ஊதினால்தான் வேலை தொடங்கும், ஊதினால்தான் நிற்கும். பசி வந்தால் நேரம் காலம் பார்க்காமல் ஊதிவிடுவான். டவுன்ஷிப்பிலேயே எங்கள் துளைக்குத்தான் அதிக இடைவேளை.

வெளியே வந்த மண்ணைக் கட்டில் பலகை ஒன்றில் வந்த வரிசைப்படியே பரப்பினோம். முதலில் கறுப்புத் தோட்ட மண், பிறகு செம்மண், பிறகு மஞ்சளும் சிவப்புமாகக் கலந்த களி. ஒவ்வொரு கைப்பிடியும் வேறு நிறமாக வர வர எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆழத்தை அளக்க அம்மாவின் கிழிந்த நூல் புடவை ஒன்று. முந்தானையில் கல்லைக் கட்டி உள்ளே விட்டு, எந்தப் பூ வரைக்கும் ஈரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். லீவின் நடுவிலேயே புடவையின் முழு நீளமும் உள்ளே போகும் அளவுக்குத் துளை இறங்கிவிட்டது.

அப்புறம் அந்த மண்ணைத் தின்னும் கூத்து. களியில் பொடி மணல் கலந்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரியாது, பல்லுக்குத் தெரியும். அப்பா ஒரு துணுக்கை முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துத் துப்புவார். நரநரவென்றால் மணல் இருக்கிறது, வெண்ணெயாக வழுக்கினால் சுத்தக் களி. நாங்கள் மூவரும் வேலியோரம் உட்கார்ந்து மண்ணைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

"பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? இந்த வீட்டுல புள்ளைங்களுக்குச் சோறு போடறதில்லன்னு நெனைப்பாங்க" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வழவழன்னு இருக்குங்க அத்த, நீங்களும் கடிச்சுப் பாருங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஓர் உருண்டையை நீட்டினாள். அம்மாவுக்கு அதற்கு மேல் கோபப்பட வழியில்லை, உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் கெட்டிக் களி வந்து மாட்டிக்கொண்டது. எவ்வளவு சுற்றினாலும் குழாய் இறங்கவில்லை. தண்ணீரும் பீறவில்லை, கரியும் வரவில்லை. தம்பி ராஜினாமா செய்துவிட்டுக் கோலிக்குண்டு ஆடப் போனான். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அவர் செய்த வேலை எங்களுக்கு அப்போது தெரியாது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்புமுன், ஜன்னல் கட்டையில் இருந்த கரியையும் வேறெங்கிருந்தோ கொண்டுவந்த கரியையும் நொறுக்கி, துளைக்குள் கொட்டி, தண்ணீர் ஊற்றி, குழாயால் நன்றாக இடித்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் சந்தோஷப்படட்டும் என்றுதான். நாம் பேரன் பேத்திக்காக இப்படி எத்தனை பொய் சொல்லியிருப்போம்.

அன்று குழாயைத் தூக்கித் தட்டினோம். கறுப்பாக விழுந்தது. நான் குனிந்து முகர்ந்தேன். மழையில் கிடந்த மரப்பெட்டி. விரலால் பிரித்தால் மர ரேகை.

"கரி" என்றேன். சத்தமே வரவில்லை. அப்புறம் வந்த சத்தத்தில் எதிர்வரிசைக்காரர்கள் எல்லோரும் கொல்லைக்கு வந்துவிட்டார்கள். தம்பி கோலிக்குண்டை விட்டுவிட்டு ஓடிவந்து எல்லா ஷிப்ட்டுக்கும் சேர்த்து ஊதினான். நான் கரியை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு தெருவில் ஓர் ஊர்வலமே போனேன். எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு காடு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது நான். வாழ்க்கையில் பிறகு வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது. அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாக எதையும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்தபோது அவள் துளைக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி வரலன்னு கோவமா?" என்றேன்.

"நெஜமாவே கரிதானா?" என்று மட்டும் கேட்டாள்.

"சத்தியமா."

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் எழுந்து கொல்லைக்குப் போனால் துளையைக் காணவில்லை. சவுக்குக் கழியைக் காணவில்லை. கட்டில் பலகை துடைத்து வைத்தது போல் கிடந்தது, ஒரு மண் கூட மிச்சமில்லை. துளை இருந்த இடத்தில் ஒரு துவைகல் போட்டிருந்தது. அதற்குப் பின்னால் அவள் உட்கார்ந்து, எதுவுமே நடக்காத மாதிரி, தன் அப்பாவின் காக்கிச் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போர் எங்கடி?"

"என்னா போரு?"

"என் கரி எங்க?"

"அடுப்புல போட்டு வெந்நி வெச்சிட்டேன். குளிச்சாச்சு."

நான் அவள் தலைமுடியைப் பிடித்தேன். அவள் என்னைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை. அவள் கைப்பலத்துக்கு என்னை வேலிக்கு அந்தப்பக்கம் தூக்கிப் போட்டிருக்கலாம். அப்படியே குனிந்தபடி பேசினாள்.

"இனிமே யார் கையிலயும் சொல்லாத. கேட்டா வெளாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடு. கரி இருக்குதுன்னு தெரிஞ்சா வூட்ட எடுத்துக்குவாங்க. எங்க வூட்ட அப்படித்தான் எடுத்துகினாங்க. ஒங்க வூட்டயும்தான் எடுப்பாங்க. எங்கம்மா இப்பதான் அடுப்பு மேட பூசி முடிச்சுது."

என் கை தானாக விட்டுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் மஞ்சள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அது நிற்காமல் போகலாம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்குத் தோன்றியது. பயமாக இருந்தது.

அவள் சொன்னபடி நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அழுதுகொண்டே போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். காபி டம்ளரை வைத்துவிட்டு அப்பா சிரிக்கத் தொடங்கினார். கரியைப் போட்டது தான்தான் என்று சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்து சிரிங்க."

அப்பா வேலியோரம் போனார். நானும் பின்னால் போனேன். "கரி நான் போட்டதும்மா. நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு போட்டேன். இங்க ஒண்ணும் இல்ல, யாரும் வரமாட்டாங்க. பயப்படாத" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். பெரியவர் என்கிற மரியாதை குறையாமல்தான் பேசினாள். "எங்க ஊருக்குப் பைப்பு எடுத்துகினு வந்தவங்களும் இப்படித்தாங்க மாமா சொன்னாங்க. சும்மா பாக்கறோம், பயப்படாதீங்கன்னு. எங்கம்மா அவங்களுக்கு மோரு குடுத்துச்சு."

"எந்த ஊரு?" என்றார் அப்பா. அவள் சொன்னாள். அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"வேப்பமரத்தடியில கூடாரம் போட்டிருந்தாங்களா?"

"ஆமாங்க மாமா."

அந்த மோரைக் குடித்தவர்களில் அப்பாவும் ஒருவர். சும்மா பார்க்கிறோம் என்று சொன்னவரும் அவரேதான். பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதும் அவ்வளவுதான், துளை போட்டு, வந்த மண்ணைப் பெட்டியில் அடுக்கிச் சீட்டு ஒட்டி அனுப்பினால் அவர் வேலை முடிந்தது. அந்தப் பெட்டி போன இடத்தில் என்ன முடிவாகிறது என்று அவர் யோசித்ததே இல்லை என்பதை இந்த வயதில் நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மண்ணின் ஒவ்வொரு அடுக்கையும் அறிந்தவர், மேலே இருக்கிற அடுக்கை மட்டும் கணக்கில் வைக்கவில்லை.

லீவு முடிகிற தறுவாயில் ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தோடு சுரங்கத்துக்குள் போகலாம். அப்பா பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு அவளையும் கூட்டிக்கொண்டார். அவளுடைய அப்பாவுக்கு அன்று ஷிப்ட். பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தது. தம்பி வழிநெடுக ஊதிக்கொண்டு வந்தான். நானும் அவளும் ஜன்னலுக்குச் சண்டை போட்டோம். சண்டை போட ஆரம்பித்துவிட்டாளே என்று எனக்கு ஒரே குதூகலம்.

பஸ் படிப்படியாக வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி இறங்கிப் போனது. ஒரு படியில் இறங்கி நின்றபோது வெள்ளைக் களி கட்டிகட்டியாகக் கிடந்தது. அவள் ஒரு கட்டியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "சுத்தக் களிங்க மாமா" என்று பாவாடையில் முடிந்துகொண்டாள். அடியில் சுரங்கம் வெட்டுகிற அந்த ராட்சத யந்திரம் நின்றது. எத்தனை தடவை கேள்விப்பட்டிருந்தாலும் கிட்டே போனால் கழுத்து வலிக்கிறது. கோயில் தேர் அதன் காலடியில் பொம்மையாகிவிடும். மண் வெட்டும் சக்கரத்துக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சக்கரத்தைச் சுற்றியுள்ள வாளி ஒன்றுக்குள் நாங்கள் மூவரும் ஏறி உட்கார்ந்து பொரி தின்றோம். பூசணிக்காய் உடைத்தார்கள். யார் தலையிலாவது தேங்காய்த் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தது. காலுக்கு அடியில் தரை முழுக்கக் கறுப்பு, நடந்தால் மெத்தென்று இருந்தது. இத்தனை பெரிய காட்டின் மேல் நடக்கிறோம் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்பா அவளைப் பள்ளத்தின் சுவருக்கு எதிரே நிறுத்தினார். மேலிருந்து சிவப்பு, மஞ்சள், வெள்ளை, மறுபடி சிவப்பு என்று பட்டை பட்டையாக இறங்கி, கடைசியில் கறுப்பு. "மேல ஓரத்துல புல்லு தெரியுது பாரு. நம்ம தொளை அந்தப் புல்லுக்குக் கீழ கொஞ்சம் வரைக்கும்தான் வந்தது. கரி எங்க இருக்கு பாரு. நம்ம பைப்பு அதைத் தொடவே இல்ல. நீ பாத்தது நான் போட்டதுதான்."

அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "எங்கம்மா பொடவ, அத்த பொடவ, எல்லாத்தையும் முடிஞ்சு வுட்டாலும் எட்டாதுங்க" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. உடனே அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப எங்க வூடு எங்கங்க இருந்துச்சு?"

 அப்பா தூரத்தில் தெரிந்த அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்தார், பள்ளத்தின் மூலையைப் பார்த்தார், நாலடி தள்ளிப் போய் நின்று மறுபடி பார்த்தார். அவருக்கு அது தெரியும், அந்த ஊரில் எங்கெங்கே துளை போட்டார் என்பது அவருக்கு மனப்பாடம். பிறகு எங்கள் தலைக்கு நேர் மேலே, வெட்டுவதற்கு முன் தரை இருந்த உயரத்துக்கு, வெறும் ஆகாயத்தில் கையை நீட்டினார்.

"அந்தப் பருந்து சுத்துதுல்ல. அங்க."

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், எனக்கே அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. "எங்க மாட்டுக் கொட்டாயில பூந்து வருது" என்றாள். சிரித்தாள். எங்களுக்கும் பிடித்துக்கொண்டது, பருந்து இப்போது எங்கே போகிறது, அடுப்பங்கரையா, களமா என்று கேட்டுக் கேட்டுக் கத்தினோம். பருந்து போன பிறகு அவள் பாவாடை முடிச்சை அவிழ்த்து வெள்ளைக் களியை எடுத்தாள். மேலே பார்த்துப் பார்த்து, கீழே கறுப்புத் தரையில் கோடு இழுத்தாள். நீளமாக ஒரு கூடம். பக்கத்தில் அடுப்பங்கரை. பின்னால் கொட்டகை. முன்பக்கம் ஓரிடத்தில் மட்டும் கோடு போடாமல் விட்டாள். எங்களை அந்த வழியாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தம்பியை அடுப்பங்கரைக்குள் காலை நீட்டாதே என்று அதட்டினாள்.

அப்பா எங்களுக்குப் பொரி கொண்டு வந்தார். நேரே நடந்து கோட்டைத் தாண்டக் காலெடுத்தார்.

"சொவுத்துல வராதீங்க மாமா. வாசப்படி அந்தாண்ட இருக்குது, சுத்திகினு வாங்க" என்றாள்.

அப்பா எடுத்த காலைப் பின்னால் வைத்தார். பிறகு குனிந்து, இரண்டு பூட்ஸையும் கழற்றிக் கோட்டுக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், வாசல் வழியாக உள்ளே வந்தார்.